ஓட்டைத் தட்டு

ஊரின் பெயர் முரசுமோட்டை.
பெயரில் மட்டும்தான் முரசு.
மற்றபடி ஒன்பதுக்கு விளக்கணைக்கிற ஊர் இது.
இரண்டு இஞ்சி மோட்டர் நின்றுவிட்டால்
வயலில் தவளைகள் மாறி மாறி
மூச்சு வாங்குவது கேட்கும்.

பகல் முழுக்கத் தையல் ஆலை.
முந்நூறு மெஷின் ஒரே அளவில்
என் காதுக்குள் விளிம்பு மடித்துத் தைக்கும்.
இரவில் எனக்கென்று ஒரு சத்தம் வேண்டும்.
குளித்துச் சாப்பிட்டு ட்ரம்முக்கு முன்னால் இருக்க
ஒன்பதேகால்.

கிராஷில் முதல் அடி விழும்.
வேலிக்கு அந்தப்பக்கம்
அருள்நேசம் அன்ரியின் யன்னல் சாத்தும்.
ஒருநாள் தப்பாது.
மகன் பரீட்சைக்குப் படிக்கிறானோ, அவவுக்குத் தலையிடியோ,
வேறெதுவுமோ,
நான் கேட்கவில்லை, அவ சொல்லவுமில்லை.
விடிய வேலிக்கு மேலால் முருங்கைக்காய் நீட்டுவா.
சண்டைக்கு வந்திருந்தால் ஒரு வழி பண்ணியிருப்பேன்.
முருங்கைக்காயை என்ன செய்ய?

சிம்பலுக்கு மேல் துவாய் போட்டுப் பார்த்தேன்.
செத்த கோழியைத் தட்டினமாதிரி இருந்தது.

நாலு மாத ஓவர்டைம் காசு
கொழும்பு பஸ்ஸில் பெட்டியாய் வந்து
பரந்தன் சந்தியில் இறங்கியது.
பிரித்தால்
ஹைஹாட் ஒரு சோடி, கிராஷ் ஒன்று, ரைட் ஒன்று,
உடம்பெல்லாம் பொடித் துளை.
அம்மா கிராஷைத் தூக்கி பல்புக்கு நேரே பிடித்தா.
அவவின் முகம் நிறைய வெளிச்சப் புள்ளி.
"இடியப்பத் தட்டுக்கோ இவ்வளவு காசு?"
பிறகு,
"ஓட்டை விழுந்த தகரம் எங்களிட்ட எவ்வளவு கிடந்தது.
பழைய இரும்புக்காரன் கிலோக் கணக்கில கொண்டுபோனவன்."
சிரித்துக்கொண்டுதான் சொன்னா.
தட்டைக் கீழே வைக்கும்போது மட்டும்
விளிம்பு சீமெந்தில் முட்டாமல்
மெதுவாக வைத்தா.

அன்றிரவு அடித்தேன்.
சத்தம் வராமலில்லை.
சுளகில் அரிசி புரளுகிற அளவு,
அடுத்த அறையில் யாரோ சில்லறை எண்ணுகிற அளவு.
யன்னல் சாத்தவில்லை.
வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பெரிய சத்தம் ஒரு போர்வை.
அதை உருவியதும்
என் இடதுகால் வெளியே தெரிந்தது.
நாலாவது அடிக்கெல்லாம் பிந்தித்தான் வருகிறது,
பள்ளிக்கூட மணி அடித்தபிறகு
படலை திறக்கிற பிள்ளைபோல.
இரண்டு வருடமாய்ப் பிந்தியிருக்கிறது.
இரண்டு வருடமாய்க் கலியாண வீடுகளில்
கைதட்டும் வாங்கியிருக்கிறது, கள்ளக் கால்.

மாசி முழுக்க அந்தக் காலோடு கிடந்தேன்.
பங்குனியிலும்.
நடுவில் அறுவடை மெஷின்கள் வந்து போயின,
ரோட்டோரம் நெல்லுக் காய்ந்தது,
அம்மா எனக்குப் பக்கத்திலேயே படுத்துக்
குறட்டை விடப் பழகினா.
ஒரு புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல்,
கால் வந்து சேர்ந்தது.

சித்திரையில் பரந்தன் மண்டபம்.
மேடையில் துளையில்லாத வெண்கலம்,
என் பழைய சிம்பல்கள்தான்.
றெஜினோல்ட் அண்ணை கீபோர்ட்டிலிருந்து திரும்பினார்:
"என்ன பிள்ளை, கை நித்திரையோ?"
நித்திரை இல்லை, அண்ணை.
கை இன்னும் வீட்டில் இருக்கிறது.
மணிக்கட்டு விளிம்புவரை போகும்,
பக்கத்து வீட்டை நினைக்கும்,
திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது பாட்டின் நடுவில் கண்டேன்.
மூன்றாம் வரிசை. அருள்நேசம் அன்ரி.
மாம்பழ மஞ்சளில் சேலை,
கையில் ஐஸ்கிறீம் கப்.
என்னையே பார்த்தா.
கப்பை மடியில் வைத்தா.
இரண்டு சுட்டுவிரலையும் காதுக்குள் விட்டா.
பிறகு, நாடியை ஒருதரம் மேலே தூக்கினா:
அடி.

அடித்தேன்.
மண்டபம் முழுக்க வெண்கலம் நின்றது.
இடதுகால் நேரத்துக்கு வந்தது.
காதிலிருந்து விரலை எடுக்காமலே
அன்ரி சிரித்துக்கொண்டிருந்தா.
மடியில் ஐஸ்கிறீம் உருகிச்
சேலையில் ஊற்றுப்பட்டிருக்கும், பாவம்.
நாளைக்கு வேலியடியில் கேட்கவேண்டும்.